மருந்துக் கம்பெனியின் சமூகப் பொறுப்பை எங்கே தேடுவது?

சேலத்தில் பி.ஃபார்ம் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு பெரிய ஜெனரிக் மருந்துக் கம்பெனியின் (வேறொருவர் கண்டுபிடித்த மருந்தை மலிவாகச் செய்து விற்கும் கம்பெனி) சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில், ஏற்காட்டில் நாகலூர் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில் மருத்துவ முகாம் நடந்திருக்கிறது. இவரும் உதவிக்குப் போயிருக்கிறார். பேனர், தொப்பி, போட்டோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்த சந்தேகம் இது: "மலிவு விலையில் மாத்திரை விற்கும் கம்பெனிக்கு இதுதான் சமூகப் பொறுப்பா? நிலைத்தன்மை அறிக்கை என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்களே, அதில் எதை நம்புவது? இந்தத் தொழிலில் வேலைக்குச் சேரலாமா? ப்ராஜெக்டும் இதே தலைப்பில்தான் செய்யப்போகிறேன்."

தம்பி, நான் ஹைதராபாத்திலும் புதுச்சேரியிலும் மருந்து ஆலைகளில் தர உறுதிப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் சட்டம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே போதும், அந்தக் கம்பெனி முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். 2021-இல் விதிகளை இறுக்கினார்கள். செலவாகாத பணத்தைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. தன் சரக்கை விளம்பரப்படுத்தக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் இந்தக் கணக்கில் வராது. ஊழியர்களுக்கு மட்டும் பலன் தருவதும் வராது. வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் வேலையும் வராது.

அந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்வது, மூலப்பொருளைச் சோதிப்பது, தொழிலாளிக்குப் பாதுகாப்பு தருவது எல்லாம் தொழிலின் பகுதி. சட்டப்படி அவை சிஎஸ்ஆர் கிடையாது, செய்தே தீர வேண்டிய கடமை. ஆகவே சிஎஸ்ஆர் பக்கத்தை மட்டும் வைத்து ஒரு மருந்துக் கம்பெனியை எடைபோட்டால், முக்கியமானது அத்தனையும் விட்டுப்போகும். ஜெனரிக் கம்பெனியின் பொறுப்பு முதலில் ஆலை கேட்டுக்கு உள்ளே இருக்கிறது என்பதுதான் என் கருத்து. உள்ளே ஒழுங்காக இருக்கும் கம்பெனி வெளியே வந்து பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினால் மனதாரப் பாராட்டலாம். உள்ளே ஒழுங்கில்லாத கம்பெனி எத்தனை கழிப்பறை கட்டினாலும் கணக்கு நேராகாது.

நீங்கள் போன முகாமைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். மலையில் பஸ் ஏறி இறங்கி டாக்டரைப் பார்ப்பது ஒரு நாள் கூலியை விடுவது. வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் முகாமில் ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து, பதினைந்து நாளைக்கு அம்லோடிபின் கொடுத்து அனுப்பினால், பதினாறாவது நாள் என்ன ஆகும்? மாத்திரை நின்றால் அழுத்தம் பழையபடி ஏறிவிடும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இதே நோய்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. முகாமில் புதிதாகக் கண்டுபிடித்தவர்களின் பட்டியல் துணை சுகாதார நிலைய நர்ஸின் கையில் போய்ச் சேர்ந்ததா? இதை மட்டும் கேளுங்கள். சேர்ந்திருந்தால் அது பொறுப்பான முகாம். சேரவில்லை என்றால் அடுத்த முறை நீங்களே அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பைசா செலவில்லாத வேலை.

சரி, மலிவு விலை விஷயத்துக்கு வருவோம். ஜெனரிக் தொழிலே ஒரு சமூக சேவைதான் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. பாதி என்றாலும் பெரிய உண்மை. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்று வைத்தது. 2005 வரை அதுதான் நிலை. அந்த இடைவெளியில் நம் வேதியியலாளர்கள் மாற்றுச் செய்முறைகளைக் கண்டுபிடித்து உலகத்துக்கே மருந்து கொடுத்தார்கள். எய்ட்ஸ் மருந்துகளுக்கு ஒரு நோயாளிக்கு வருடம் 10,000 டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தபோது, 2001-இல் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது மூன்று மருந்துகளும் சேர்ந்த சிகிச்சையை வருடம் 350 டாலருக்குத் தருவதாக முன்வந்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் பிழைத்த உயிர்களில் அந்த விலைக் குறைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தத் தொழிலில் இருந்ததற்காக நான் பெருமைப்படும் விஷயம் அது.

மீதிப் பாதி நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் தெரியும். ஜெனரிக் மாத்திரை ஆலையை விட்டு மலிவாகத்தான் வெளியே வருகிறது. ஆனால் அட்டையில் அச்சாகும் எம்ஆர்பி பல சமயம் பிராண்ட் மருந்தின் விலையை ஒட்டியே இருக்கும். நடுவில் உள்ள வித்தியாசம் கடைக்கும் ஸ்டாக்கிஸ்டுக்கும் போகிறது. டாக்டரிடம் விளம்பரம் செய்யாமல் கடைகள் வழியாகவே தள்ளும், டிரேட் ஜெனரிக் என்று சொல்லப்படும் சரக்கு பெரும்பாலும் ஓடுவது இந்த மார்ஜினில்தான். எம்ஆர்பியை அச்சடிப்பது கம்பெனி. அந்த எண்ணைக் குறைத்துப் போட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இதை எந்தச் சமூகப் பொறுப்பு அறிக்கையிலும் நான் படித்ததில்லை. ஜன் ஔஷதி கடைகளும், 2025 பிப்ரவரியில் 1,000 இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக ஜெனரிக் பெயரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக நம் பெரியாஸ்பத்திரி வரை இலவசமாகக் கொண்டு சேர்க்கிறதே, அங்கேதான் ஜெனரிக் மலிவின் முழுப் பலன் நோயாளிக்குக் கிடைக்கிறது.

இனி கழிவுநீர். இங்கேதான் நிறைய நேரம் நின்று பார்க்க வேண்டும். நிலைத்தன்மை அறிக்கைகளில் மரம் நட்டதும் சோலார் போட்டதும் முன்னால் வரும், இது பின்னால் ஒளிந்திருக்கும்.

சேலத்துக்காரர்களுக்குக் கழிவுநீர் புதிதல்ல. சேகோ ஆலைப் பக்கம் போனால் புளித்த நாற்றம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாறு நகரத்துக்குள் என்ன பாடுபடுகிறது என்பதும் தெரியும். மரவள்ளிக் கழிவுநீர் நாற்றமடித்தாலும் அதில் இருப்பது மாவுச்சத்து. பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. ஒழுங்கான தொட்டி கட்டி மூடி வைத்தால் பாக்டீரியா அதைத் தின்று எரிவாயுவாகவே மாற்றித் தந்துவிடும், பல சேகோ ஆலைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆன்டிபயாடிக் ஆலையின் கழிவுநீர் நேர் எதிர். சுத்தம் செய்ய வேண்டிய பாக்டீரியாவையே அது கொல்கிறது. சாகாமல் தப்பிப்பவை எவை? அந்த மருந்தைத் தாங்கக் கற்றுக்கொண்டவை. ஆக, சுத்திகரிப்புத் தொட்டியே எதிர்ப்புசக்தி பெற்ற கிருமிகளை வளர்க்கும் இடமாகிவிடுகிறது.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்றடிக்கும் ஏரேஷன் டேங்க் நல்ல நிலையில் இருந்தால் தண்ணீர் சாக்லேட் நிறத்தில் இருக்கும், மழை பெய்த மண் வாசனை வரும். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் கசடு கீழே படிந்து மேலே தெளிவாகும். தினமும் காலையில் அதைப் பார்த்துக் குறித்துவைப்பார்கள். ஒருநாள் ஒரு ஆன்டிபயாடிக் பேட்ச் முடிந்து ரியாக்டரைக் கழுவிய முதல் தண்ணீரைத் தனியாகப் பிரிக்காமல் பொதுக் குழாயில் விட்டுவிட்டார்கள். மறுநாளே டேங்க் வெளுத்துப்போய் வெள்ளை நுரை கட்டியது. ஜாடியில் எதுவும் படியவில்லை, கலங்கலாகவே நின்றது. மாட்டுச்சாணமும் வேறொரு ஆலையிலிருந்து லாரியில் கசடும் கொண்டுவந்து ஊற்றி, தொட்டி மறுபடி உயிர்பிடிக்க வாரக்கணக்கில் ஆனது. இது கவனம் உள்ள ஆலை, அதனால் தெரிந்தது. கவனமே இல்லாத இடத்தில் அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

அதற்குப் பதில் 2007-இல் வெளிவந்தது. ஹைதராபாத் அருகே படான்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தை ஸ்வீடன் ஆய்வாளர் யோவாகிம் லார்சனின் குழு சோதித்தது. சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தது. மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். ஒரே நாளில் சுமார் 45 கிலோ சிப்ரோஃப்ளாக்சசின் இப்படி வெளியேறியதாகக் கணக்கிட்டார்கள். 90 லட்சம் பேர் கொண்ட ஸ்வீடன் முழுவதும் ஐந்து நாளில் சாப்பிடும் அளவு அது. உலகில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனையும் ஆலைக் கழிவால் வந்தது கிடையாது. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதுவதும், சீட்டில்லாமல் விற்பதும், கோழிப்பண்ணையில் போடுவதும் சேர்ந்ததுதான். ஆனால் உயிர்காக்கும் மருந்தைச் செய்யும் இடமே அந்த மருந்தைச் செல்லாக்காசு ஆக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தீர்வு இல்லாமல் இல்லை. உப்பும் ரசாயனமும் அதிகமுள்ள தண்ணீரை ஆரம்பத்திலேயே தனியாகப் பிரித்து, எவாப்பரேட்டரில் காய்ச்சி, மிஞ்சும் உப்பை உலர்த்தி, அபாயக் கழிவுக்கான இடத்துக்கு அனுப்பலாம். மீதித் தண்ணீரைச் சுத்திகரித்து ஆர்ஓவில் விட்டு ஆலைக்குள்ளேயே திரும்பப் பயன்படுத்தலாம். ஒரு சொட்டும் வெளியே விடாத இந்த 'இசட்எல்டி' முறை, 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நம் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிய பெயர்தான். செலவு உண்டு. கரண்டும் நீராவியும் நிறைய பிடிக்கும். அதனால் ராத்திரியில் எவாப்பரேட்டரை நிறுத்திவைக்கும் ஆசையும் வரும். வெறுமனே 'இசட்எல்டி ஆலை' என்ற வார்த்தையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். எத்தனை கிலோலிட்டர் உள்ளே வந்தது, எத்தனை கிலோ உப்பு வெளியே போனது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

சட்டம் இதில் பின்தங்கியே இருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய அரசு கழிவுநீரில் ஆன்டிபயாடிக் அளவுக்கு வரம்பு வைத்து ஒரு வரைவு கொண்டுவந்தது. 2021-இல் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் காணாமல் போயிருந்தன. 2024 செப்டம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்புறம் வாங்குபவரின் பொறுப்பு ஒன்று இருக்கிறது. எல்1, அதாவது குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் என்றால், கழிவுநீருக்குச் செலவழித்த கம்பெனி தோற்கும், செலவழிக்காதது ஜெயிக்கும். நார்வேயும் ஸ்வீடனும் மருந்து டெண்டரிலேயே சுற்றுச்சூழல் நிபந்தனைகளைச் சேர்க்கின்றன. தரத்துக்காக இந்தியா முழுக்கப் பேர் வாங்கிய நம் மருத்துவப் பணிகள் கழகமும் ஆன்டிபயாடிக்குகளுக்காவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது தரம். 2025 செப்டம்பர், அக்டோபரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். சோதனையில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். 2022-இல் காம்பியாவிலும் இந்திய சிரப்பால் இதேபோல் குழந்தைகள் இறந்தார்கள். 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இறந்ததும் இதே நஞ்சால்தான். தொண்ணூறு வருடமாகத் தெரிந்த ஆபத்து.

இதைத் தடுக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். சிரப்பில் மருந்தைக் கரைக்க வரும் ப்ரொப்பிலீன் கிளைகால் டிரம்களில் ஒவ்வொன்றையும் திறந்து, நீளக் குழாயால் மாதிரி எடுத்து, அந்த நஞ்சுக் கிளைகால் கலந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவில் பல கை மாறி வரும் டிரம்மில் வியாபாரி ஒட்டிய லேபிளையும் அவர் கொடுத்த சான்றிதழையும் நம்பக் கூடாது. "லாரி காத்திருக்கிறது, நாலு டிரம் பார்த்தால் போதாதா" என்று ஸ்டோர்ஸிலிருந்து போன் வரும். அந்த நேரத்தில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) லேபில் நிற்கும் இருபத்துமூன்று வயதுப் பையன் "போதாது" என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் மேலே இருப்பவர் அவன் பக்கம் நிற்கிறாரா? ஒரு மருந்துக் கம்பெனியின் சமூகப் பொறுப்பை என்னைக் காட்டச் சொன்னால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். மருந்து ஆலைகள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் ஷெட்யூல் எம் விதிகளை 2023 கடைசியில் திருத்தி இறுக்கியபோது, சிறு ஆலைகள் அவகாசம் கேட்டன, அரசு 2025 கடைசி வரை நீட்டித்தது. சிறு ஆலைகளின் பணக்கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிரம்மைச் சோதிக்க அவகாசம் எதற்கு?

தொழிலாளர் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாஷமைலாரத்தில் ஓர் ஆலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தயாரித்தது மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ், நீங்கள் லேபில் மாத்திரை அழுத்தும்போது போடும் அதே வெள்ளைப் பொடி. இறந்தவர்களில் பலர் வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாத்திரைக் கம்பெனி தன் ஆலையைப் பளபளவென்று வைத்துக்கொண்டால் போதாது, தனக்குப் பொடியும் ஸ்டார்ச்சும் தருபவரின் ஆலையையும் போய்ப் பார்க்க வேண்டும்.

கார்பன் கணக்கை எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும். மருந்துத் தொழிலில் ஒரு கிலோ மூல மருந்துக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேல் கழிவு வரும், பெரும்பாலும் சால்வென்ட், அதாவது கரைப்பான். அதனால் செய்முறையை மாற்றுவதே பெரிய மிச்சம். இபுப்ரோஃபென் முன்பு ஆறு படிகளில் செய்யப்பட்டது, மூலப்பொருளின் எடையில் 40 சதவீதம்தான் மருந்தில் போய்ச் சேரும். 1990-களில் வந்த புதிய முறையில் மூன்றே படி, 77 சதவீதம் சேர்கிறது. மரம் நடுவதோடு ஒப்பிட்டால் இது எத்தனையோ மடங்கு மேல்.

சரி, ப்ராஜெக்டுக்கு எதைப் படிப்பது? பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி வைத்திருக்கிறது. அதில் ஒன்பது கொள்கைகள். பளபளப்பான போட்டோ பக்கங்களைத் தள்ளிவிட்டு மூன்று இடங்களுக்கு நேராகப் போங்கள். ஆறாவது கொள்கையில் எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு வெளியே விட்டார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அபராதம் உண்டா என்பது இருக்கும். மூன்றாவதில் விபத்தும் உயிரிழப்பும், ஊழியர்கள் தனி, தொழிலாளர்கள் தனி. ஒன்பதாவதில் பாதுகாப்புக் காரணத்தால் திரும்பப் பெற்ற மருந்துகள், தாங்களாக எடுத்ததா, கட்டாயத்தால் எடுத்ததா. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்தை அடுத்தடுத்து வையுங்கள். உற்பத்தி ஏறும்போது தண்ணீர்க் கணக்கு அசையாமல் இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

பங்குச்சந்தையில் இல்லாத சிறு கம்பெனிகளே நம் நாட்டில் அதிகம், அவர்களுக்கு இந்த அறிக்கை கிடையாது. அவர்களுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலைப் பாருங்கள். மருந்து, பேட்ச் எண், தயாரிப்பாளர், என்ன குறை, எல்லாம் இருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கம்பெனியின் முகாம் பேனரைப் படிக்கத் தேவையே இல்லை.

வேலைக்குத் தாராளமாகச் சேருங்கள். நல்ல ஆட்கள் உள்ளே வேண்டும். நேர்காணலில் உங்களுக்கும் கேள்வி கேட்க இடம் கொடுப்பார்கள். க்யூஏ, அதாவது தர உறுதிப் பிரிவு, யாருக்குக் கீழே வருகிறது என்று கேளுங்கள். உற்பத்தித் தலைவருக்குக் கீழே என்றால் யோசியுங்கள். போன வருடம் எத்தனை பேட்சை ரிஜெக்ட் செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் நன்றாக யோசியுங்கள். ப்ராஜெக்டுக்கு இரண்டு கம்பெனிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் பாருங்கள். வரைவு தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னங்குறிச்சிக்கு வாங்க, தண்ணீர்க் கணக்கை உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம்.